பரவாயில்லை என்றவரின் வலி

ஓல்டர்ஹாம், குரோனிங்கன்
12 செப்டம்பர் 2004

அன்புத் தம்பி ஹார்முக்கு,

ஆல்ட்யே அக்கா எழுதுவது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? உன் வீட்டுக்காரி கேர்டாவின் இருமல் நின்றதா? இங்கே எனக்கு ஒன்றுமில்லை, இரும்பு மாதிரி இருக்கிறேன்.

ரூலஃப் அண்ணனுக்குத்தான் சரியில்லை. புற்று எலும்புக்குள் போய்விட்டது. இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன், சன்னல் வழியாக வாய்க்கால் தெரியும். நானும் என் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். இதெல்லாம் தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டில் தொலைபேசி பிறப்புக்கும் சாவுக்கும்தான். இது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இன்னொன்று. சுற்றி வளைத்துத்தான் சொல்ல வருகிறது. நேரம் வரும்போது அமைதியாகக் கண்மூட உதவும்படி அண்ணன் எங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் போல்மான் என்று ஒரு பெண். மூன்று வருடம் முன்பு தெற்கிலிருந்து வந்தவர், சைக்கிளில்தான் வருவார். இங்கே இப்போது அதற்குச் சட்டம் இருக்கிறது, உனக்கும் தெரிந்திருக்கும். நீ தேவாலயத்தில் சபை மூப்பர். உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

கேர்டாவுக்கு என் முத்தங்கள். பதில் போடு.
உன் அக்கா ஆல்ட்யே


ஹேமில்டன் அருகே, நியூசிலாந்து
30 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. கர்த்தர் உங்கள் இருவரையும் தாங்கட்டும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கேர்டா சுகம். கன்று ஈனும் காலம் முடிந்தது, நாலு கன்றுகள் மட்டும் இழப்பு.

"அமைதியாகக் கண்மூட" என்று எழுதியிருக்கிறாய். அழகான வார்த்தை. இங்கே செய்தித்தாள்களில் கருணைக்கொலை என்று போடுகிறார்கள். அதில் முதல் பாதியை எடுத்துவிட்டு மீதியைப் படி அக்கா. மீதி இருப்பதுதான் உண்மை. கொடுத்தவர் எடுப்பார், நாம் எடுக்கக் கூடாது. சைக்கிளில் வருகிற பெண்ணுக்கும் அந்த உரிமை இல்லை. பாராளுமன்றம் கூடி ஓட்டுப் போட்டதால் கொலை வேறு ஒன்றாக மாறிவிடாது.

அண்ணனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

வாழ்த்துகளுடன்,
ஹார்ம்


ஓல்டர்ஹாம்
14 அக்டோபர் 2004

தம்பி ஹார்முக்கு,

நீயும் கேர்டாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோபத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டு பக்கம் எழுதினாய். அண்ணனுக்கு வலி இருக்கிறதா என்று ஒரு வரி கேட்கவில்லை. நாலு கன்று செத்த கணக்கு மட்டும் வந்தது.

படித்துக் காட்டச் சொன்னாய், படித்தேன். அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார். "இவன் சொல்றது உன் வார்த்தையை விட மேல் ஆல்ட்யே. இவன் வார்த்தையில ஒருத்தன் சாகிறான்னாவது தெரியுது. உன் வார்த்தையில யாரு சாகிறா? எனக்கே தெரியலையே" என்றார். தொடர்ந்து ஒரு கதை சொன்னார். கால்நடை வைத்தியம் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு பண்ணையில் கிழட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறார். நாயைத் தூங்க வைக்கிறேன் என்று அந்த வீட்டுச் சின்னப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தக் குழந்தை படுக்கைக்கே போக மாட்டேன் என்று அழுததாம். அவள் அம்மா சந்தையில் இவரைப் பிடித்து எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தாளாம். அன்றிலிருந்து எந்தப் பண்ணையிலும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "இது சாகப்போகுது, கூட இருக்கறதுன்னா இருங்க" என்றுதான் சொல்வாராம்.

ஆகவே எனக்குக் கட்டளை. அவர் காதுபடக் கண்மூடல், துயில், விடைபெறுதல் எதுவும் கூடாது. சாவு என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு கூசுகிறது, பழகிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் போல்மானைப் பற்றி நீ எழுதியது தவறு. அவர் இதுவரை யாருக்கும் இதைச் செய்ததில்லை. அண்ணனிடமே சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு. செய்வேன்னு இன்னிக்கு வாக்குக் குடுக்க முடியாது. ஆனா ஓடிப்போக மாட்டேன்." இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? சம்பந்தமே இல்லாத இன்னொரு மருத்துவரும் வந்து பார்த்து, வேதனை தாங்க முடியாததுதான் என்று எழுத வேண்டும். அடுத்த மாதம் வருகிறார்.

கேர்டாவிடம் சொல், அவள் அனுப்பிய கம்பளிக் காலுறை அண்ணன் காலில்தான் இருக்கிறது.
ஆல்ட்யே


ஓல்டர்ஹாம்
9 நவம்பர் 2004

தம்பி ஹார்முக்கு,

உன் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

நான் சொன்ன அந்த இன்னொரு மருத்துவர் போன செவ்வாய் வந்தார். டாக்டர் வெர்லான் என்று பெயர், ஹேக் நகரத்து அம்மா, நம் நகரத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நல்லவர், பொறுமைசாலி. தப்பு அவர் மேல் இல்லை.

காலையிலேயே அண்ணன் சவரத்துக்கு வெந்நீர் கேட்டார். வெள்ளைச் சட்டை, நீல டை. விருந்தாளி வரும்போது படுத்துக்கிடப்பதா என்று நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். அதற்கு மட்டும் இருபது நிமிடம். அந்த அம்மா உள்ளே வந்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார் ஹார்ம். எழுந்து நின்றார்.

வலி எப்படி என்று அந்த அம்மா கேட்டார். "பரவாயில்லை" என்றார் அண்ணன். தாங்க முடிகிறதா என்றால் "போயிட்டிருக்கு". இரவில்? "இதைவிட மோசமான ராத்திரியும் பார்த்திருக்கேன். டாக்டர், கேக் எடுத்துக்கங்க, ஆல்ட்யே சோம்பு போட்டுச் செஞ்சது."

நம் ஊரில் பயிர் முழுக்க வெள்ளத்தில் போனாலும் பரவாயில்லைதான், மகள் கல்யாணத்துக்கு வானம் வெளுத்தாலும் பரவாயில்லைதான். ஹேக்கில் வளர்ந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். சாவைப் பற்றிப் பேச அண்ணனுக்குக் கூச்சமே இல்லை. வலியைப் பற்றிப் பேசத்தான் கூச்சம்.

கார் கிளம்பியதும் அப்படியே சரிந்தார். துண்டைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தார். கார் கிளம்புவதற்கு முன்னமே நான் வாசலுக்கு ஓடி, எல்லாம் பொய், அவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று அந்த அம்மாவிடம் அழுதேன். அறிக்கையில் என்ன வந்தது தெரியுமா? நோயாளி தன் வேதனையைத் தாங்கக்கூடியது என்று விவரிக்கிறார், சகோதரி மிகவும் களைத்திருக்கிறார். அவ்வளவுதான். பார்த்துக்கொள்ள முடியாமல் நான்தான் அவசரப்படுகிறேன் என்று ஆகிவிட்டது.

டாக்டர் போல்மான் நம்புகிறார், ஆனால் இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. சிறு வயதிலிருந்து இவரைத் தெரிந்தவர், இதில் எந்த விருப்பமும் இல்லாதவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவர் முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டரின் முகவரியைக் கீழே எழுதுகிறேன், எதற்கும் இருக்கட்டும்.

அக்கா


ஓல்டர்ஹாம்
15 நவம்பர் 2004

அன்புத் தம்பி,

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் குற்றம். நீங்கள் இருவரும் சுகம்தானே. நான் நன்றாகக் கவனிக்கப்படுகிறேன்.

ஆல்ட்யே உனக்கு மருத்துவரின் முகவரி அனுப்பியிருக்கிறாள். கேட்டால் இல்லை என்பாள். அஞ்சல்தலை ஒட்டும்போது முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன்.

நீ ஒன்றும் எழுத வேண்டாம். நாற்பது வருடம் பாடுபட்டு உன் மனசாட்சியை நேராக வைத்திருக்கிறாய், எனக்காக அதை வளைக்காதே. உன்மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நீ தவறு என்று நினைப்பதைத் தவறு என்று என் முகத்துக்கே சொன்னாய். மற்றவர்கள் பூங்கொத்தோடு வந்து வானிலை பேசிவிட்டுப் போகிறார்கள்.

பிந்திக் கன்று ஈன்ற பசுக்களுக்குப் பால் காய்ச்சல் கண்டால் உடனே சுண்ணாம்புச் சத்து ஏற்று, காத்திருக்காதே.

உன் அண்ணன்
ரூலஃப்


ஹேமில்டன் அருகே
26 நவம்பர் 2004

அக்காவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. உன் கடிதமும் அண்ணன் கடிதமும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. கொலை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

நிஜமாகவே எழுந்து நின்றாரா?

ஹார்ம்


ஹேமில்டன் அருகே
1 டிசம்பர் 2004

மதிப்பிற்குரிய டாக்டர் போல்மான் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். நான் தங்கள் நோயாளி ரூலஃபின் தம்பி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாங்கள் செய்யப்போவதற்கு நான் எதிரி. தாங்கள் அதைச் செய்யாமலிருக்க வேண்டும் என்று இன்று காலையும் ஜெபித்தேன்.

1943-ஆம் வருடம் இலையுதிர் காலம். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. கொட்டகையில் மாடுகளுக்குக் கிழங்கு சீவும் எந்திரத்தில் அண்ணன் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். சுற்று என்று அவர் சொல்வதற்கு முன்பே நான் கைப்பிடியைச் சுற்றினேன். இடது கையில் இரண்டு விரல்கள் போயின. தாங்கள் பார்த்திருப்பீர்கள். அண்ணன் கத்தவில்லை. சட்டையைச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அம்மா அலறினாள். அண்ணன் "பரவாயில்லைம்மா" என்றார். தானே சுற்றியதாக அப்பாவிடம் சொல்லி, வேலையில் கவனமில்லை என்று அடியும் வாங்கினார். சுற்றியது நான்தான் என்று இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அவர் மனைவி இறந்த நாளில் தொலைபேசியில் அழைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். பரவாயில்லை, மழை இல்லை என்றார். அதன்பின் இரண்டு வருடம் அவர் யாருடனும் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று என் அக்கா எழுதினாள்.

எழுபத்து நாலு வயதில் அந்த மனிதர் ஒரு வைத்தியரைக் கூப்பிட்டு எனக்கு உதவுங்கள் என்று கேட்டிருக்கிறார் என்றால், அவர் படும் வேதனை எவ்வளவு என்று என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. எண்ணவே பயமாக இருக்கிறது.

தாங்கள் மறுப்பதாக இருந்தால் கடவுளுக்குப் பயந்து மறுங்கள், நான் மகிழ்வேன். அவருக்கு வலியில்லை என்று நம்பி மறுக்காதீர்கள். அது பொய். பொய் என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், அறுபது வருடத்துக்குப் பிறகு இரண்டாம் முறையும் மூடியதாகும்.

இதை அவர் முன்னாலேயே படிக்கலாம்.

பணிவுடன்,
ஹார்ம்


ஓல்டர்ஹாம்
17 டிசம்பர் 2004

என் அன்புத் தம்பிக்கு,

உன் முழங்காலும் நீயும் நூறு வருடம் இருக்க வேண்டும். நேற்று இரண்டு டாக்டர்களும் சேர்ந்து வந்தார்கள். டை இல்லை, நாற்காலி இல்லை, அண்ணனால் முடியவில்லை. டாக்டர் போல்மான் உன் கடிதத்தை உரக்கப் படித்தார். நான் காபித் தட்டோடு கதவருகே நின்றபடி கேட்டேன். கைப்பிடி விஷயம் எனக்கும் தெரியாதே ஹார்ம். எத்தனை தடவை அந்தக் கையைப் பார்த்து, கவனக்குறைவுக்காரர் என்று கேலி செய்திருக்கிறேன்.

படித்து முடித்ததும் அண்ணன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறு வயசுப் பையன். இதைப் போயா இத்தனை வருஷமா சுமந்துக்கிட்டிருந்தான்?" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் வெர்லான் பக்கம் திரும்பினார்.

"வலிக்குது டாக்டர். பகல் ராத்திரி இல்லாம வலிக்குது. இதுக்கு மேல என்னால முடியாது. நான் சாகணும். அதுக்கு உங்க உதவியக் கேட்கிறேன்."

அவர் வாயிலிருந்து வலிக்குது என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போன தடவை நீங்க சொன்னதைக் கேட்டேன். உங்களைக் கேட்கலை. மன்னிச்சுக்கங்க" என்றார். படித்தவர்கள் தப்பை இப்படி ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. இரண்டு பெண்களையும் நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. உன்னை நினைத்தால் அதைவிட.

ஜனவரி 13, வியாழக்கிழமை, மாலை நாலு மணி. நீ வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முன்னறையில் நாற்காலிக்கு இடம் இருக்கிறது.

அக்கா


ஹேமில்டன் அருகே
29 டிசம்பர் 2004

அண்ணா,

நலமா என்று கேட்டு உங்களைப் பொய் சொல்ல வைக்க விரும்பவில்லை.

நான் வரவில்லை. பயணச்சீட்டு விசாரித்துவிட்டு வந்தேன். அந்த அறையில் நான் உட்கார்ந்தால் டாக்டரின் கையைப் பிடித்துத் தடுப்பேன், அல்லது தடுக்காமல் இருந்ததற்காக என்னை மன்னிக்க மாட்டேன். உங்கள் கடைசி நேரத்தில் என்னைச் சமாதானப்படுத்தும் வேலையும் உங்கள் தலையில் விழும். ஒருமுறை அப்படிச் செய்தது போதும்.

அங்கே மாலை நாலு என்றால் இங்கே மறுநாள் விடிகாலை நாலு, பால் கறக்கிற நேரம். நான் கொட்டகையில் மாடுகளோடு இருப்பேன். நீங்கள் சொன்னபடி சுண்ணாம்புச் சத்து ஏற்றினேன், இரண்டு பசுக்கள் பிழைத்தன.

நான் பார்த்ததிலேயே தைரியமான மனிதர் நீங்கள்தான். இதை ஐம்பது வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் தம்பி
ஹார்ம்


ஓல்டர்ஹாம்
16 ஜனவரி 2005

அன்புத் தம்பி,

தொலைபேசியில் "அண்ணன் செத்துட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ சாப்பிட்டாயா? கேர்டா உன் பக்கத்தில்தான் இருக்கிறாளா?

உன் கடிதம் திங்களன்று வந்தது. இரண்டு முறை படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை அவரே கையில் வாங்கிக்கொண்டார், கண் தெரியாவிட்டாலும் வைத்திருந்தார்.

வியாழன் மதியம் கடுகுச் சூப் செய்தேன். மூன்று கரண்டி குடித்துவிட்டு உப்பு பத்தாது என்றார். பத்தாதுதான். நாலு மணிக்கு டாக்டர் போல்மான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து இன்னும் அதே எண்ணம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் அண்ணன். அப்புறம் அந்தப் பெண் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடமாக இருக்கிறது: "முதல் ஊசியில மயக்கம் வரும். ரெண்டாவதுல மூச்சு நிக்கும். நீங்க செத்துப்போவீங்க. நான் கூடவே இருப்பேன்." அண்ணன், "தெளிவாச் சொன்னீங்க. நன்றி" என்றார். என் கையை ஒரு கையிலும் டாக்டரின் முழங்கையை இரண்டு விரல் இல்லாத கையிலும் பிடித்திருந்தார். பத்து நிமிடம்கூட இல்லை.

சட்டப்படி நகராட்சி மருத்துவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகும் டாக்டர் போல்மான் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அழுதார். மீதிச் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார். மறுநாள் விடுப்பாம். செய்ய எளிதாக இருந்திருந்தால் அவரை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இரங்கல் அட்டை வாசகம் அண்ணனே எழுதி வைத்தது. கால்நடை மருத்துவர் ரூலஃப், தன் வேண்டுகோளின்படி, இன்ன தேதியில் இறந்தார். அச்சகத்துக்காரர் கூப்பிட்டு "அமைதியாக" என்ற சொல் விட்டுப்போயிற்றா என்று கேட்டார். விட்டுப்போகவில்லை, அவ்வளவுதான் என்றேன். செவ்வாய்க்கிழமை அடக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி நாம் இரண்டு பேர்தான்.
அக்கா


ஹேமில்டன் அருகே
7 பிப்ரவரி 2005

என் அக்காவுக்கு,

நீ உன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாயா? தனியாக இருக்கும்போது வேளாவேளைக்குச் சாப்பிடு. இங்கே மழையில்லை, புல் காய்கிறது, நாங்கள் நலம்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் மேடையில் அண்ணனுக்காக ஜெபித்தார். "சகோதரர் ரூலஃப் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றார். பரிவோடுதான் சொன்னார். நான் மேடையோரம் மூப்பர்கள் உட்காரும் பலகையிலிருந்து எழுந்துவிட்டேன். அங்கிருந்து யாரும் அப்படி எழுவதில்லை. "என் அண்ணன் சாவைக் கேட்டு வாங்கினார். ஒரு மருத்துவர் அதைக் கொடுத்தார். அவருக்கு வலி இருந்தது உண்மை என்று சாட்சிக் கடிதம் எழுதியது நான்" என்றேன்.

அந்த வாரம் மூப்பர்கள் கூடினார்கள். கடிதம் எழுதியதற்கு மனம் வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, எதற்கு வருந்த என்றேன். நடந்தது கொலைதான் என்று இப்போதும் சொல்கிறீர்களா என்றார் ஒருவர். "தூரத்துல இருந்தப்போ அந்த வார்த்தை வந்துச்சு. இப்ப வர மாட்டேங்குது. சரின்னும் வர மாட்டேங்குது. எனக்கு வார்த்தை கிடைக்கலை" என்றேன். முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த பலகையிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நேற்று சபைக்குப் போனபோது எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் கேர்டா இருந்தாள். முப்பத்தொரு வருடமாக அவள் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் அதை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என்னைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கேர்டாவின் அன்பும் சேர்த்து,
உன் தம்பி ஹார்ம்